வண்டியின் அகம்

தமிழில் 'அகம்' என்னும் சொல்லுக்கு உள் என்றும், வீடு என்றும், நெஞ்சம் என்றும் பொருளுண்டு. மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய முன்னோர், கார் என்னும் ஊர்தியைக் கண்டவர்கள் அல்லர். ஆயினும் அதன் உட்புறத்தைப் பற்றி எண்ணும்போது, இதனினும் பொருத்தமான சொல் நமக்குக் கிடைப்பதில்லை. காரின் வெளித்தோற்றம் தெருவில் நிற்போருக்கானது. உட்புறமோ அதில் அமர்வோருக்கானது. புறத்தைக் கண் காணும். அகத்தை முதுகும் முழங்காலும் விரல் நுனியும் அறியும். அந்த அகம் எதனால் அழகு பெறுகிறது? செல்வர்களின் பொழுதுபோக்கு வினாவாக இது முதலில் தோன்றலாம். எங்களுக்கும் அவ்வாறே தோன்றியது, ஒரு மழை இரவு வரையில்.

பிழைப்பு தேடி மும்பைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுள் பலவும் முதன்முதலாக ஏறி அமர்ந்த கார், கறுப்பும் மஞ்சளும் பூசிய வாடகைக் காராகவே இருக்கும். தாதர் நிலையத்தில் இறங்கி, டிரங்குப் பெட்டியையும் படுக்கைச் சுருளையும் மேற்கூரைச் சட்டத்தில் கட்டிவிட்டு, மாதுங்காவுக்கோ செம்பூருக்கோ சென்ற அந்த முதற்பயணத்தை யாரால் மறக்க இயலும்? இத்தாலிய ஃபியட் 1100 வண்டியின் வழிவந்து, 1974 முதல் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்று, மும்பையின் குர்லா ஆலையில் உருவான வண்டி அது. ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் கியர்க் கோல். வெயிலில் தொடையைச் சுடும் ரெக்ஸின் இருக்கை. கண்ணாடியின் கீழே சாமிப் படம். அதன்மேல் பிளாஸ்டிக் மாலை. காற்றில் ஊதுவத்தி மணம்.

1990களின் தொடக்கத்தில் ஒரு மழை இரவில், நண்பர் வீட்டுத் திருமண வரவேற்பிலிருந்து நாங்கள் குடும்பத்தோடு அத்தகைய வண்டி ஒன்றில் திரும்பிக்கொண்டிருந்தோம். அதன் உட்கூரை முழுவதும் செந்நிற ரோஜாக்கள் அச்சிட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டப்பட்டிருந்தது. "கல்யாண மண்டபம் இன்னும் முடியவில்லை போலும்" என்று எங்களுள் ஒருவர் தமிழில் சொல்ல, குழந்தைகள் உட்பட அனைவரும் மேலே சுட்டிக்காட்டிச் சிரித்தோம். ஓட்டுநர் உத்தரப் பிரதேசத்துக்காரர், தமிழ் அறியார். ஆனால் சுட்டும் விரலுக்கும் சிரிப்புக்கும் மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. சற்று நேரம் கழித்து அவர் இந்தியில் அமைதியாகச் சொன்னார்: "இரவில் நான் பின்சீட்டில்தான் படுக்கிறேன். கண் விழித்தால் தெரிவது இந்தக் கூரை ஒன்றுதான்."

அதன் பிறகு வீடு வந்து சேரும்வரை நாங்கள் பேசவில்லை. நாங்கள் நகைத்தது ஒரு வாகனத்தின் அலங்காரத்தை என்று எண்ணியிருந்தோம். அவரோ தம் படுக்கையறையை எங்களுக்கு வாடகைக்குத் தந்திருந்தார். அன்றுதொட்டு, அழகு என்பதை அளக்க எங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது என்னும் ஐயம் எங்களை விட்டு நீங்கவில்லை.

அரிய பொருள்களால் ஆனதே அழகு என்பது முதலில் வரும் விடை. அதனை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தார் தம் கார்களின் இருக்கைக்குக் காளையின் தோலையே தேர்கின்றனர். கருவுற்ற காலத்தில் பசுவின் தோல் விரிந்து தழும்பு கொள்ளும் என்பதே காரணம். இத்தகைய கார்களின் டாஷ்போர்டுக்கு வால்நட் மரத்தின் கணுவை மெல்லிய தகடாகச் சீவி, அடுத்தடுத்த இரு தகடுகளைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்துப் பதிக்கும் வழக்கமுண்டு. இடப்பக்கத்து வரி வலப்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாகத் தெரியும். அந்தக் கணு எதனால் உண்டாவது? காயமோ நோயோ வேறு துன்பமோ உற்ற இடத்தில் மரம் தாறுமாறாகப் புடைத்து வளர்வதே கணு. மரத்தின் துயரம் மனிதன் கையில் ஓவியமாகிறது. இதில் கைத்திறன் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, பொருளை மதிக்கும் பண்பும் இருக்கிறது. விலை மிகுதி என்பதற்காக இதனைப் பழித்தல் பொறாமையே ஆகும்.

ஆனால் அரிய பொருள் கிட்டாதபோது நாம் செய்வதென்ன? போலியை நாடுகிறோம். இன்றைய கார்கள் பலவற்றில் டாஷ்போர்டைத் தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும்போதே தோலின் சுருக்கங்களையும், ஊசியே பட்டறியாத தையலின் தடத்தையும் சேர்த்து வார்த்திருப்பார்கள். மரமல்லாத பரப்பில் மரத்தின் வரி ஓடும். இவ்விடத்தில் ஒருவர் கேட்கலாம்: ரோஜா அச்சிட்ட கூரையும் போலிதானே? ரெக்ஸினும் தோலுக்குப் போலியாகத் துணியின்மேல் பூச்சேற்றிச் செய்யப்பட்டதுதானே?

உண்மைதான். ஆயினும் போலிக்கும் பொய்க்கும் வேற்றுமை உண்டு. ரெக்ஸின் நம்மிடையே வந்து, பள்ளிப் பையாகவும் பேருந்து இருக்கையாகவும் தனக்கென ஒரு வாழ்வைப் பெற்றுவிட்டது. அதனைத் தோலென்று நம்பி ஏமாந்தவர் எவருமிலர். கூரையின் ரோஜாவைப் பறிக்கக் கை நீட்டியவரும் இலர். 'இங்கே ஒரு தோட்டம் இருந்தால் நன்று' என்னும் விருப்பத்தை அது வெளிப்படையாகச் சொல்கிறது. அச்சில் வார்த்த தையலோ, உழைக்காத கையின் உழைப்பை உழைத்ததாகக் காட்டி விலை கேட்கிறது. முன்னது ஆசை, பின்னது பாசாங்கு. ஒரே பொருள் ஒருவர் கையில் ஆசையாகவும் மற்றொருவர் கையில் பாசாங்காகவும் ஆகக்கூடும் என்பதனால், பொருளை மட்டும் பார்த்து அழகைத் தீர்ப்பிடுதல் இயலாது.

பயன்பாடே அழகு என்பது இரண்டாவது விடை. பிரான்சு நாட்டில் 1948இல் சித்ரோயென் நிறுவனம் காட்சிக்கு வைத்த 2சிவி என்னும் சிறு காரை இதற்குச் சான்றாகக் கூறலாம். உழுத வயலின் குறுக்கே ஒரு கூடை முட்டையைக் கொண்டு சென்றாலும் ஒன்றும் உடையலாகாது என்பது அதனை வடிவமைத்தோருக்கு இடப்பட்ட கட்டளை. அதன் இருக்கைகள் எஃகுக் குழாய்ச் சட்டத்தில் ரப்பர்ப் பட்டைகளால் இழுத்துக் கட்டிய துணியே. வேண்டும்போது அவற்றைக் கழற்றிப் புல்வெளியில் போட்டு உட்காரவும் செய்யலாம். அலங்காரம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஓர் உழவரின் வாழ்வை யாரோ ஊன்றி நினைத்திருக்கிறார்கள் என்பது அதில் அமர்ந்த கணமே விளங்கும். நம் நாட்டில், வங்கத்து உத்தரபாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை உருவான அம்பாசடரும் அவ்வாறே. உயர்ந்த கூரையும் அகன்ற பின்னிருக்கையும் கொண்ட அவ்வண்டியில், புடவை கசங்காமல் பெண்களும், இடுப்பு வளையாமல் முதியோரும் ஏற முடிந்தது.

எனினும் பழமையின் மீதுள்ள பற்றினால் உண்மையை மறைத்தலாகாது. முன்னிருக்கையில் தாய் மடியில் குழந்தை அமர்ந்து வரும் காட்சி நமக்கு எத்துணை இனிமையாக இருந்தது! அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட நூல் ஒன்றில் இரண்டாவது மோதலைப் பற்றி எழுதினார். வண்டி எதிலேனும் மோதுவது முதல் மோதல். உள்ளிருப்போர் டாஷ்போர்டிலும் ஸ்டியரிங்கிலும் மோதுவது இரண்டாவது. பளபளக்கும் உலோகப் பிடிகளும் கூரிய விளிம்புகளும் அப்போது ஆயுதங்களாகிவிடும். அடுத்த ஆண்டே அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. நாம் இனிமை என்று கண்ட காட்சி, அறியாமையின் காட்சியாகவும் இருந்தது. அன்பு மட்டும் போதாது. அது அறிவோடு சேர வேண்டும்.

இன்று உலோக விளிம்பு போய், கண்ணாடித் திரை வந்துள்ளது. குமிழ்கள் யாவும் நீங்கிய வழவழப்பே புதுமையின் அழகெனப் போற்றப்படுகிறது. காற்றின் அளவைக் குறைக்கவும் சாலையிலிருந்து கண்ணை எடுத்துத் திரையில் பொருத்த வேண்டியிருக்கிறது. பழைய குமிழை இருட்டிலும் விரல் தானே கண்டுகொள்ளும். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு, முழு மதிப்பெண் பெற விரும்பும் கார்களில் இன்றியமையாத சில செயல்களுக்குத் தனிப் பொத்தான்கள் வேண்டும் என்று 2026ஆம் ஆண்டு முதலான தன் விதிகளில் வலியுறுத்துகிறது. கண்ணுக்கு விருந்தாகிக் கைக்குப் பகையாகும் அழகு நெடுநாள் நிற்பதில்லை.

நம் இல்லங்களையும் சற்றே நோக்குவோம். புதுக் கார் வாங்கியவர், விற்பனைக் கூடத்தில் இருக்கைமேல் போர்த்திய பிளாஸ்டிக் உறையை ஆண்டுகள் சில கழிந்தும் கழற்றுவதில்லை. வியர்வையில் ஒட்டிக்கொண்டு, அசையுந்தோறும் சரசரத்து, அதன்மேலேயே அமர்கிறோம். பழுப்பு வெள்ளை இருக்கையில் கறை படுமென்று குழந்தையின் கையிலுள்ள முறுக்கைப் பிடுங்குகிறோம். அந்த அழகு யாருக்காகக் காக்கப்படுகிறது? என்றோ ஒருநாள் அவ்வண்டியை வாங்கப்போகும், நாம் அறியாத ஒருவருக்காக! சொந்த வீட்டில் விருந்தாளியாக இருப்பதற்கு இது ஒப்பாகும். நாள் முழுதும் நமக்காக வண்டியோட்டுபவர் தம் முதுகின் வியர்வை உலர்வதற்காக மரமணிகள் கோத்த விரிப்பொன்றை இருக்கையில் போட்டுக்கொண்டால், 'வண்டியின் அழகு கெடுகிறது' என்கிறோம். அந்த மணிகளோ, ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இரசனை என்பதிலும் உயர்வு தாழ்வு புகுந்துவிடுகிறது. 2015இல் டாக்சி ஃபேப்ரிக் என்னும் பெயரில், மும்பை வாடகைக் கார்களின் இருக்கைக்கும் கூரைக்கும் இளம் வடிவமைப்பாளர்கள் ஓவியத் துணி தைத்துப் பொருத்தத் தொடங்கினர். நல்ல முயற்சி; நாங்களும் மனமாரப் பாராட்டினோம். ஆனால் பாராட்டும்போதே நெஞ்சு குறுகுறுத்தது. பூப்போட்ட கூரையைக் கலைஞர் அமைத்தால் கலை என்கிறோம். ஓட்டுநர் தாமே அமைத்தபோது சிரித்தோம். மாறியது கூரையா, நம் கண்ணா?

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். காரின் உட்புறம் பற்றிய வினாவுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. உள்ளே வருபவர் யார், அவர் உடல் எங்கே நோகும், அவர் கண் எங்கே ஓயும் என்று முன்கூட்டியே நினைத்த மனத்தின் அடையாளமே அழகு. அந்நினைவு தோலிலும் வெளிப்படலாம், துணியிலும் வெளிப்படலாம், ஐந்து முழம் பிளாஸ்டிக் விரிப்பிலும் வெளிப்படலாம். அது இல்லாதவிடத்து வால்நட் மரமும் வெறும் விறகே. ஊர்விட்டு ஊர் வந்து, பிறர் விரித்த இருக்கையில் அமர்ந்து இந்நகருக்குள் நுழைந்த நம்மைப் போன்றோர் இதனை மறத்தல் தகாது.

பிரீமியர் பத்மினி வாடகைக் கார்கள் 2023 அக்டோபர் இறுதியோடு மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்றன. செய்தித்தாள்கள் படங்கள் வெளியிட்டன. நாங்கள் ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்த்தோம். கறுப்பு உடலும் மஞ்சள் மேற்கூரையும் எல்லாப் படங்களிலும் இருந்தன. அந்த ரோஜாக்களைத்தான் நாங்கள் தேடினோம். படங்கள் யாவும் வெளியிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன.