சக்கரமும் பாதமும்

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகிறவனை "எங்கே போகிறாய்?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவான். ஆனால் பல நூறு மைல் சுற்றியலைந்து, புறப்பட்ட வாசலிலேயே வந்து நிற்கப்போகிற யாத்திரிகனிடம் அதே கேள்வியைக் கேட்டால், "இங்கேதான்" என்பதைத் தவிர அவன் உண்மையாகச் சொல்லக்கூடிய பதில் வேறு என்ன இருக்கிறது? இங்கே வந்து சேருவதற்காகவா இத்தனை தூரம் போகவேண்டும் என்ற சந்தேகம், வலம் வருதலை ஒரு வழிபாடாகக் கொண்ட எந்தச் சமயத்தாருக்கும் ஒரு நாள் எழுந்தே தீரும்.

ஜப்பான் தேசத்தின் நான்கு பெருந்தீவுகளுள் மிகச் சிறியதான ஷிகோகுவில் இந்தச் சந்தேகம் ஒரு தீவின் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. கோபோ தாய்ஷி என்று அந்நாட்டார் போற்றும் கூகாய் என்னும் மகானின் (774–835) ஸ்மரணையோடு, அங்கே 88 ஆலயங்களைச் சுற்றி வருகிறார்கள். சுற்றளவு சுமார் 1,200 கிலோமீட்டர். கூகாய் 804-இல் சீனம் சென்று ஹுய்குவோ என்ற ஆசாரியரிடம் உபதேசம் பெற்றவர். ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர். அவருடைய குருவோ, தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து சீனம் போய்ச் சேர்ந்த வஜ்ரபோதி. ஆகையால் அந்தத் தீவைப் பற்றிப் பேசும்போது அயல் வீட்டுச் சங்கதியில் தலையிடுகிறோமே என்ற கூச்சம் எனக்குச் சிறிதும் இல்லை.

பாதையின் இயல்பு எங்கும் ஒன்றாயில்லை. 23-ஆம் ஆலயத்தை விட்டால் 24-ஆம் ஆலயத்துக்கு முரோட்டோ முனை வரையில் ஏறக்குறைய 75 கிலோமீட்டர், ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் சமுத்திரமுமாகக் கரையோரமே போகவேண்டும். நடப்பவனுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும் அந்தச் சாலையைச் சைக்கிளில் போகிறவன் ஒரே பகலில் கடந்துவிடலாம். அந்த முனையிலுள்ள ஒரு குகையில்தான் கூகாய் இளமையில் தவம் செய்தார் என்பது ஐதிகம். உள்ளே அமர்ந்து வெளியே நோக்கினால் வானமும் கடலுமே தெரியுமாம். 'கூ' என்றால் வானம், 'காய்' என்றால் கடல்.

ஆனால் 11-ஆம் ஆலயத்திலிருந்து 12-ஆவதாகிய ஷோஸான்ஜிக்குப் போகும் பழைய மலைப்பாதை முற்றிலும் வேறு விதமானது. பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் ஏறியும் இறங்கியும், மறுபடி ஏறியும் செல்லும் அந்த வழிக்கு, யாத்திரிகர்கள் உருண்டு விழும் இடம் என்று பொருள்படும் பெயரை அந்நாட்டார் இட்டிருக்கிறார்கள். அங்கே சக்கரத்துக்கு வேலை இல்லை. வண்டியை அடிவாரத்தில் பூட்டி வைத்துவிட்டு ஏறவேண்டியதுதான்.

நடந்து போனால்தான் புண்ணியம், வாகனத்தில் போனால் பாதிதான் என்று கணக்குப் பார்ப்பவர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. போய்ச் சேரவேண்டிய இடம் தூரத்தில் இருக்கும்போது விரைந்து போவதற்கு ஓர் அர்த்தம் உண்டு. முடிவே தொடக்கமாயிருக்கும் வழியில் அவசரப்படுகிறவன், புறப்படாமலே இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் சேர்ந்திருப்பானே! சைக்கிளும் நம் மூச்சைக் கொண்டே ஓடுவது. எதிர்காற்றையும் மழையையும் நம்மிடமிருந்து மறைக்காதது. மேடு வந்தால் 'இறங்கு' என்று சொல்லாமல் சொல்வது. மேட்டில் இறங்கி, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் ஆசனத்தையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தவர்களுக்கு அந்த இறக்கத்தில் உள்ள பணிவு தெரியும்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. நடந்தே வந்தவன் மலையைக் கடந்து மறுபக்கமாக இறங்கி 13-ஆம் ஆலயத்தை நோக்கிப் போய்விடுகிறான். ஏறி வந்த வழியை அவன் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. வண்டியை விட்டு வந்தவனோ, சிகரத்தில் கைகூப்பி நிற்கும்போதும், கீழே மரத்தடியில் பூட்டி நிற்கும் அந்த இரும்பை நோக்கியே திரும்பவேண்டியவனாயிருக்கிறான். பெரிய வட்டத்துக்குள்ளே ஒரு சிறிய வட்டம். அதைச் சுற்றவைப்பது உடைமை. பற்று என்று நம் பெரியோர்கள் சொன்னதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உபமானம் எனக்குக் கிடைத்ததில்லை.

யாத்திரிகன் கையிலுள்ள கோல் வெறும் ஊன்றுகோலன்று. அது தாய்ஷியே என்பது அவர்கள் பாவனை. 'இருவராய்ச் செல்கிறோம்' என்பது அவர்களுடைய மந்திரம் போன்ற வாக்கு. இரவில் தங்குமிடத்தை அடைந்ததும் தங்கள் கால்களைக் கழுவுவதற்கு முன் கோலின் நுனியைக் கழுவுவார்கள். பாலங்களின்மேல் அதைத் தட்டி ஊன்றமாட்டார்கள். ஒரு காலத்தில் பாலத்தின் அடியில் படுத்து இரவைக் கழித்த தாய்ஷி இன்னும் அங்கே உறங்கிக்கொண்டிருக்கக்கூடும் அல்லவா? சைக்கிளில் கட்டிய கோல் பூமியைத் தொடுவதில்லை. அடிவாரத்தில் அதை அவிழ்த்துக் கையில் எடுக்கும்போது, இதுவரை சுமையாக வந்தவர் துணையாகிறார். அந்த மாறுதலுக்காகவே இரண்டையும் கலந்து செய்யும் யாத்திரையை நான் உயர்ந்ததாகக் கொள்வேன்.

இந்த யாத்திரையின் முதல் யாத்திரிகனைப் பற்றி ஒரு கதை உண்டு. எமோன் ஸபுரோ என்ற செல்வன், வாசலில் வந்து நின்ற பிக்ஷுவை விரட்டி, அவருடைய திருவோட்டையும் உடைத்துவிட்டான். அவனுடைய எட்டுப் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக மாண்டபிறகே, வந்தவர் யார் என்பது அவனுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்பதற்காக இருபது முறை தீவைச் சுற்றினான். எங்கே போனாலும் அவர் சற்று முன்னேதான் போயிருந்தார். இருபத்தோராவது முறை எதிர்ப்புறமாகச் சுற்றினான். அந்த ஷோஸான்ஜி மலைச்சரிவிலேயே, உயிர் பிரியும் தறுவாயில், எதிரே அவர் வந்தார். லீப் வருஷங்களில் எதிர்ச்சுற்றாகப் போவது விசேஷம் என்று இன்றும் பலர் அவ்வாறே போகிறார்கள்.

அத்தனை வட்டங்களைச் சுற்றிக் களைத்தவன், இனிப் பிறவாத வரத்தைக் கேட்டிருக்கலாம். அவன் கேட்டது மறுபிறவி. பிறருக்கு நன்மை செய்யும் வசதியுள்ள குடியில் மறுபடியும் வந்து பிறக்கவேண்டும் என்றான். தாய்ஷி ஒரு சிறு கல்லில் அவன் பெயரை எழுதி அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார். பின்னாளில் இயோ நாட்டுப் பிரபுவின் வீட்டில் பிறந்த குழந்தை ஒரு கையைத் திறக்கவே இல்லையென்றும், பெற்றோர் கலங்கி ஆலயத்தில் பிரார்த்தித்த பின் விரல்கள் விரிந்தனவென்றும், உள்ளே 'எமோன் ஸபுரோ மீண்டும் வந்தான்' என்று எழுதிய கல் இருந்ததென்றும் சொல்கிறார்கள். 51-ஆம் ஆலயத்துக்கு இஷிதேஜி, அதாவது கல்-கைக் கோயில், என்று பெயர் வந்தது அதனால்தான்.