படநூலின் தரமும் அறமும்: இரவிவர்மா பற்றிய நூல்களை முன்வைத்து

ஓவியர் ஒருவரைப் பற்றிய படநூலின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது? தாளின் வழவழப்பு, அச்சின் தெளிவு, கட்டமைப்பின் உறுதி ஆகியனவே பெரும்பாலான மதிப்புரைகளில் அளவுகோல்களாக அமைகின்றன. இவை வேண்டற்பாலனவே. எனினும், மூல ஓவியத்தைக் காண வாய்ப்பில்லாத வாசகரிடம் அந்நூல் உண்மை பேசுகிறதா என்பதை இவை அளப்பதில்லை. ஆதலின் இவ்வினா அழகியலோடு நில்லாமல் அறவியலையும் சார்கிறது. இராஜா இரவிவர்மாவைப் (1848–1906) பற்றிய நூல்கள் இதனை ஆராய்தற்கு ஏற்ற களமாகும்.

பிற ஓவியர் பலரிடத்து மூலம் வேறு, படி வேறு எனப் பிரித்தல் எளிது. இரவிவர்மாவோ தம் ஓவியங்களைப் படியெடுத்துப் பரப்புதற்கென்றே 1894இல் பம்பாயில் கல்லச்சகம் நிறுவியவர். அங்குத் தைலவண்ண ஓவியம் வண்ணத்திற்கொரு கல்லாகப் பிரிக்கப்பெற்று, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சேறி, மேலே வார்னிஷ் பூசப்பெற்று ஓலியோகிராஃப் ஆயிற்று. கல்லில் உருவை அமைத்தவர்கள் ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள். ஓவியர் மறைவதற்கு முன்பே அச்சகம் ஃபிரிட்ஸ் ஷ்லைச்சரின் கைக்கு மாறியது. அதன்பின் வெளிவந்த படங்கள் பலவற்றிற்கும் ஓவியருக்கும் இருந்த உறவு, அச்சகத்தின் பெயரளவினதே.

‘அன்னமும் தமயந்தியும்’ (1899) திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா ஓவியக்கூடத்தில் உள்ளது. அதன் அச்சுப்படமும் உண்டு. நூலொன்று அச்சுப்படத்தை ஒளிப்படமெடுத்து, ‘இரவிவர்மாவின் ஓவியம்’ என்று மட்டும் குறிப்பிட்டு வெளியிடுமாயின், வாசகர் படியின் படியை மூலமெனக் கொள்வர். தூரிகையின் தடம் என அவர் வியப்பது கல்லில் இடப்பெற்ற புள்ளிகளின் தொகுதியாக இருக்கக்கூடும். எனவே ஊடகம், அளவு, ஆண்டு, இருப்பிடம் ஆகியவற்றைச் சுட்டும் சிறு குறிப்பைப் பதிப்பாளரின் விருப்பத்திற்கு விட்டுவிட இயலாது. அளவு குறிக்கப்படாதவிடத்து உள்ளங்கை அகலப் படமும் ஆளுயரத் திரையும் ஒரே பக்கத்தில் ஒத்த தகுதியுடையனவாகத் தோன்றிவிடுகின்றன.

இதனால் அச்சுப்படம் இழிந்தது என்பது பெறப்படாது. செட்டிநாட்டு வீடுகளில் இவ்வச்சுப்படங்களில் உள்ள தேவியரின் ஆடை அணிகள்மீது ஜரிகையும் மணியும் ஒட்டிச் சட்டமிட்டு வழிபட்டனர். அந்நிலையில் படம் தன் உடைமையாளரின் கைவேலையையும் ஏற்றுத் தனியொரு பொருளாகிவிடுகிறது. அதனை மங்கிய ஓவியமாகக் காட்டும் நூலும் பிழையே செய்கிறது. எர்வின் நியூமாயரும் கிறிஸ்டின் ஷெல்பெர்கரும் 2003இல் வெளியிட்ட நூல் அச்சுப்படங்களை அச்சுப்படங்களாகவே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தமை இவ்வகையில் கருதத்தக்கது.

படைத்த கை யாருடையது என்பது இதனினும் சிக்கலானது. இரவிவர்மாவின் இளவல் சி. இராஜராஜவர்மா நிலக்காட்சியில் வல்லவர். தமையனுடன் பயணம் செய்து, அவர்தம் ஓவியப் பணியிலும் பங்குகொண்டவர். அவருடைய நாட்குறிப்பை மேற்கூறிய இருவரே பதிப்பித்து 2005இல் வெளியிட்டனர். அதன்பின் எழுதப்பெறும் படநூல், ஓவியங்களின் பின்புலம் யார் தீட்டியது என்னும் வினாவை எழுப்பாமலே ‘தனிமேதையின் தூரிகை’ எனப் புகழ்ந்து செல்லுமாயின், அதன் வண்ணப்பதிப்பு எத்துணைச் செம்மையுடையதாயினும் அதனை ஆய்வுக்குரிய நூலாக ஏற்பது கடினம்.