பச்சை உடம்பும் இருபத்தொரு கிலோமீட்டரும்

அந்தப் பணத்தை இன்றிரவு கட்டாதே.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஜனவரி ஓட்டத்துக்கான பதிவுப் பக்கம். அரை மாரத்தான் என்ற கட்டத்தில் டிக். படத்தின் ஓரத்தில் தூளிச் சேலையின் கரை. குழந்தை பிறந்து ஏழு வாரம். ஓட்டத்தன்று பதின்மூன்று வாரம் ஆகியிருக்கும். "மூணு மாசம் ஆயிடுமே அக்கா, போதாதா?" என்று கேட்டிருக்கிறாய்.

போதாது. காரணத்தைச் சொல்கிறேன். இதே இரவில் இதே கட்டத்தில் டிக் அடித்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கும் மற்றப் பெண்களும், அவர்கள் வீட்டு ஆண்களும் மாமியார்களும் கூடவே கேட்கட்டும்.

மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார். 2019-இல் பிரிட்டனில் டாம் கூம், கிரான்யா டோனெல்லி, எம்மா பிராக்வெல் என்ற மூன்று பிசியோதெரபிஸ்டுகள், பிரசவத்துக்குப் பின் ஓட்டத்துக்குத் திரும்புவதற்கான வழிகாட்டி ஒன்றை எழுதினார்கள். மூன்று மாதத்துக்கு முன் ஓடவே வேண்டாம் என்கிறது அது. மூன்று மாதம் முடிந்தால் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடலாம் என்று அதில் எங்கேயும் இல்லை. அன்றுதான் முதல் நிமிட ஓட்டத்தைத் தொடங்கலாமா என்று சோதித்துப் பார்க்கவே சொல்கிறார்கள். முப்பது நிமிடம் தொந்தரவில்லாமல் நடக்க முடிகிறதா? ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க முடிகிறதா? நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடவும், ஒரு காலில் பத்து முறை நொண்டியடிக்கவும் முடிகிறதா? அப்படிச் செய்யும்போது வலிக்கிறதா, சிறுநீர் கசிகிறதா, கீழே ஏதோ இறங்குவதுபோல் கனக்கிறதா? ஒன்று இருந்தாலும் நிறுத்து என்கிறார்கள்.

உன் தூளியையே எடுத்துக்கொள். இடுப்பெலும்பின் அடியில் தசையால் ஆன தூளி ஒன்று உனக்கு உள்ளேயும் தொங்குகிறது. கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் ஏந்தியிருக்கிறது. ஒன்பது மாதம் அது சுமந்தது. பிரசவத்தில் அதன் சில பகுதிகள் மூன்று மடங்கு வரை இழுபட்டன. நைந்து தொய்ந்த சேலையில் பிள்ளையைப் போட்டு வீசி ஆட்டுவாயா? ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மடங்கு அளவுக்குத் தரை திருப்பி அடிக்கிறது. நிமிடத்துக்கு நூற்றறுபது அடி வைத்து இரண்டரை மணி நேரம் ஓடினால் 24,000 அடி. அத்தனையும் அந்தத் தூளியில்தான் விழும்.

"எனக்குச் சிசேரியன்தானே, கீழே ஒண்ணும் ஆகலையே" என்பவர்கள் நம் ஊரில் அதிகம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய நாற்பத்தைந்து சிசேரியன். ஒன்பது மாதச் சுமை அவர்களுக்கும் அதேதான். அதற்கு மேல் வயிற்றை அடுக்கடுக்காக வெட்டித் தைத்திருக்கிறார்கள். வெளித் தையல் ஆறி வடு காய்ந்த பிறகும், உள்ளே இருக்கும் தடித்த சவ்வு பழைய பலத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும்.

இரத்தத்தைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது அரசின் திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உன்னுடையது எங்கே இருக்கிறது? ஃப்ரிட்ஜ் மேல்தானே? ஹீமோகுளோபின் எத்தனை என்று தெரியாமல் புது ஷூவுக்கு ஆறாயிரம் கொடுத்திருக்கிறாய்.

நீ பாலா ராட்கிளிஃபைச் சொல்வாய், தெரியும். 2007 ஜனவரியில் குழந்தை, நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் முதலிடம். உண்மைதான். அவர் அவசரப்பட்டுப் பயிற்சிக்குத் திரும்பியதில் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் விரிசல் விட்டு மாதக்கணக்கில் முடங்கியதையும் சேர்த்துச் சொல். அந்த ஓட்டத்துக்கும் பிரசவத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட பத்து மாதம் இருந்தது. உலகச் சாதனைக்காரியான அவரைச் சுற்றி வைத்தியர்களும் இருந்தார்கள்.

உங்கள் ஓட்டக் குழுவில் இதயக்குறி போட்டுச் சுற்றும் இன்னொரு படம், சோஃபி பவருடையது. 2018-இல் ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யூ.டி.எம்.பி. ஓட்டத்தின் நடுவே, கூர்மேயர் ஊரில் உட்கார்ந்து மூன்று மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்து நீயும் மயங்கினாய், நானும்தான். ஆனால் அவர் ஏன் அங்கே இருந்தார் தெரியுமா? முந்தைய கர்ப்பத்தின்போது கிடைத்த இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க ஏற்பாட்டாளர்கள் மறுத்துவிட்டார்கள். அப்போதைய விதிப்படி, காலில் அடிபட்டால் தள்ளிவைக்கலாம், கர்ப்பம் என்றால் முடியாது. இந்த முறையும் இழக்க மனமில்லாமல்தான் வந்தார். பிறகு 'ஷீ ரேசஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி, ஓட்டங்களில் கர்ப்பிணிகளுக்கும் பெற்றவர்களுக்கும் தள்ளிவைக்கும் உரிமை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு பெண்ணின் முறையீட்டை எடுத்து நாம் ஊக்கப் போஸ்டர் ஆக்கிவிட்டோம்.

இனி என் கதை. பதினொரு வருடம் முன்பு, மகள் பிறந்த நான்காம் மாதம் நானும் ஓடினேன். கறுப்பு டைட்ஸ், உள்ளே தடித்த நாப்கின். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் நனைந்துவிட்டேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டதுபோல் காட்டிக்கொண்டு மிச்சத்தை ஓடி முடித்தேன். மெடலோடு சிரிக்கும் படம் இன்னும் ஹாலில் மாட்டியிருக்கிறது. ஆறாவது வாரப் பரிசோதனையில் டாக்டர் தையலைப் பார்த்தார், எல்லாம் நார்மல் என்றார், காப்பர் டி போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டார். கசிகிறதா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்புறம் இரண்டு வருடம், தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு கால்களைப் பின்னிக்கொள்வேன். மகள் கட்டிலில் குதித்து "அம்மா நீயும் வா" என்றால் தலைவலி என்பேன். கடைசியில் முழங்கால் வலிக்காகப் போன இடத்தில், என்னைவிட பத்து வயது இளைய பிசியோ ஒருத்தி சாதாரணமாகக் கேட்டாள்: "சிரிச்சா கசியுதா மேடம்?" அவ்வளவுதான், அழுதுவிட்டேன். ஆறே மாதப் பயிற்சியில் சரியாயிற்று. அதை முதல் மாதத்திலேயே செய்திருக்கலாம்.

நம் பாட்டிமார் இந்த உடம்புக்கு வைத்த பெயர் பச்சை உடம்பு. பச்சை மண், பச்சைப் புண் என்கிறோமே, அதே பச்சை. பூண்டும் சுறாப்புட்டும் பிரசவ லேகியமும் கொடுத்து, வயிற்றில் துணியைக் கட்டி, நாற்பது நாள் படுக்க வைத்தார்கள். சொல் சரியான சொல்தான். பெரியவர்களே, அதை நீங்கள் எப்போது எடுக்கிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. மருமகள் ஷூவை எடுத்தால் பச்சை உடம்பு என்கிறீர்கள். நாற்பத்தோராம் நாள் தண்ணீர்க் குடத்தை நகர்த்தவும், ஈரத்துணி பக்கெட்டை மொட்டைமாடிக்குத் தூக்கவும் அவளையே கூப்பிடுகிறீர்கள். அந்தத் தூளிக்குப் பக்கெட் கனமும் கனம்தான். கர்ப்பப்பை இறங்குவதை அடி இறக்கம் என்று உங்கள் தலைமுறை காதோடு காதாகப் பேசியதே, எத்தனை பேர் அதை வைத்தியரிடம் காட்டாமலே காலத்தை ஓட்டினீர்கள்? இவளிடமாவது வாய்விட்டுக் கேளுங்கள்.

தம்பி, நீயும் கேட்டுக்கொள். உன் மனைவி மெடலுக்காக மட்டும் டிக் அடிக்கவில்லை. இரண்டரை மணி நேரம் யாரும் தன்னைக் கூப்பிடாத ஓரிடம் வேண்டும் அவளுக்கு. சென்னை நேப்பியர் பாலமும் கடற்கரை இருட்டும் அவளுக்கு அப்படி ஓரிடம். அதைத் தடுக்காதே, முன்கூட்டியே கொடு. இன்றிலிருந்து தினம் மாலை அரை மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள். இரவில் அவள் பால் கொடுத்து முடித்ததும் ஏப்பம் விடவைப்பதும், துணி மாற்றுவதும், தூளி ஆட்டுவதும் உன் வேலை. தூங்காத உடம்பு ஆறாது. இரண்டு வாரத்துக்கு மேல் அவள் காரணமின்றி அழுதாலோ எதிலும் பற்றின்றி இருந்தாலோ, ஓடினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதே. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

ஓட்டக் குழுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 'சூப்பர் மாம்' என்று எழுதுவதை நிறுத்துங்கள். ஓட்டம் நடத்துகிறவர்கள், பிரசவமானவளின் பதிவை அடுத்த வருடத்துக்கு மாற்றிக் கொடுங்கள். பால் கொடுக்க மறைவான இடமும் ஒழுங்கான கழிப்பறையும் இல்லாமல் பெண்கள் பிரிவுக்கு ரோஜா நிறச் சட்டை கொடுத்து என்ன பயன்?

ஓடவே கூடாது என்று உன்னிடம் யார் சொன்னாலும் நம்பாதே. ஜாஸ்மின் பாரிஸ் 2019 ஜனவரியில், குழந்தைக்கு பதினான்கு மாதம் ஆனபோது, வழியில் பாலைக் கறந்து வைத்துக்கொண்டே 268 மைல் ஸ்பைன் ஓட்டத்தில் ஆண்களையும் சேர்த்து எல்லோரையும் முந்தினார். பதினான்கு மாதம் என்பதைக் கவனி. உனக்கும் இந்த ஜனவரி போய் அதற்கடுத்த ஜனவரியில் ஏறத்தாழ அதே கணக்குத்தான் வருகிறது. இப்போதைக்கு நட. மூன்று மாதம் கழித்துச் சோதனையில் தேறினால் ஒரு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட. பால் கொடுத்த பிறகு கிளம்பு. மார்பு இலேசாக இருக்கும்.

மணி பத்தரை. பன்னிரண்டோடு பதிவு முடிகிறது என்கிறாய், முடியட்டும். எழுந்து போய் அந்த மாத்திரை அட்டையை எடு. சாப்பிட்டுவிட்டு எனக்கு ஒரே வரி எழுது: தும்மினால் என்ன ஆகிறது? குழுவில் போடாதே, எனக்கு மட்டும் அனுப்பு. காலையில் நானே அந்தப் பிசியோவிடம் உனக்கு நேரம் கேட்டு வைக்கிறேன்.