யாருடைய குறை?

பெரியம்மா மகள் ஒருத்தி, வயது 46. கர்ப்பப்பையில் கட்டி என்று அதோடு சேர்த்துச் சினைப்பைகள் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, மொட்டைமாடியில் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த நெனப்பே வர்றதில்லடி. அவர் ஒண்ணும் கேக்கல. எனக்குத்தான் என்னமோ தொலைஞ்சுபோன மாதிரி இருக்கு." டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். "பொண்ணுக்கு வரன் பாக்குற வயசுல இதெல்லாம் எதுக்கும்மா?" என்று சிரித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாராம்.

அக்கா தொலைத்தது கற்பனை அல்ல. சினைப்பை ஈஸ்ட்ரோஜனை மட்டும் சுரப்பதில்லை, டெஸ்டோஸ்டிரோனும் அங்கிருந்து வருகிறது. இயல்பாக மாதவிடாய் நிற்கும்போது டெஸ்டோஸ்டிரோன் சட்டென்று விழாது. இளவயதிலிருந்தே மெல்லமெல்லக் குறைந்து வருவதுதான். அறுவையிலோ ஏறத்தாழப் பாதி ஒரேயடியாகப் போய்விடுகிறது.

எங்கள் தெருவில் இன்னொரு பெண். கைக்குழந்தை, காலை நாலரைக்கு எழுந்தால் இரவு பதினொன்று வரை வேலை. "ஹார்மோன் செக் பண்ணிடலாம்" என்று கணவரே ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனார். பாலூட்டும் காலத்தில் புரோலாக்டின் கூடும், ஈஸ்ட்ரோஜன் இறங்கும். உடம்பு தன் வேலையைப் பார்க்கிறது. "எனக்குத் தூக்கம்தாங்க வேணும்" என்றாள் அவள்.

ஒருத்திக்கு மருந்து மறுக்கப்பட்டது, இன்னொருத்திமேல் நோய் சுமத்தப்பட்டது. இருவரையும் பிரித்துக் காட்ட ரத்தப் பரிசோதனையால் முடியாது. இன்ன அளவுக்குக் கீழே போனால் ஆசைக்குறைவு என்று சொல்லத்தக்க எண் எதுவும் கிடையாது என்று பல நாட்டு மருத்துவ அமைப்புகள் 2019-இல் சேர்ந்தே அறிவித்தன. ஆசை குறைந்திருப்பது மட்டும் நோயாகாது. அதனால் அவளுக்கு மனவேதனை இருக்க வேண்டும் என்பதே மருத்துவ வரையறை.

வேதனை யாருடையது என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவில் ஃபிலிபான்செரின் மாத்திரை 2010-லும் 2013-லும் மறுக்கப்பட்டு, 2015-இல் அனுமதி பெற்றது. இடையில் 'ஆணுக்கு உண்டு, பெண்ணுக்கு ஏன் இல்லை?' என்று ஒரு பிரச்சாரம் நடந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் மாத்திரை நிறுவனமும் உண்டு. தினமும் விழுங்கினால் கிடைத்த பலன், வெற்று மாத்திரையைவிட மாதத்துக்கு அரை முதல் ஒரு நிறைவான உறவு கூடுதல். சமத்துவம் என்ற சொல்லை யார் கையில் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஹாரி ஃபிராங்ஃபர்ட் 1971-இல் எழுதிய கட்டுரையொன்றில், ஆசைப்படுவது வேறு, ஆசைப்பட வேண்டும் என்று ஆசைப்படுவது வேறு என்று பிரித்தார். அவர் யோசித்தது போதைக்கு அடிமையானவனைப் பற்றி. எனக்கு அக்காதான் நினைவுக்கு வந்தாள். ஆசை போன பின்னும் ஆசையின்மேல் ஆசை மிச்சமிருந்தது. தெருப் பெண்ணிடம் அது இல்லை. அது அவள் கணவரிடம் இருந்தது.

இப்படிப் பிரிப்பது எழுத்தில் சுலபம். "அவர் வேற எங்கயாவது போயிடுவாரோ" என்ற பயத்தில் மருந்து கேட்கும் பெண்ணின் வேதனை யாருடையது? அவளுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் அது சினைப்பையில் வந்த குறை அல்ல. அதற்கு ஹார்மோன் கொடுத்தால் பயத்துக்கு மருந்து கொடுத்த கணக்குத்தான்.

அக்கா வேறொரு டாக்டரிடம் போனாள். அந்தம்மா ஃபைலைப் பிரிக்கும் முன்பே கேட்டாராம்: "உங்களுக்கு வேணுமா, வீட்ல கேக்குறாங்களா?"

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"எனக்குத்தான்னு சொன்னேன். ஆனா சட்டுனு வரலடி. கொஞ்சம் யோசிச்சுத்தான் சொன்னேன்."