பூட்டிய கதவும் பொது அறமும்

குற்றம் புரிந்தோரைச் சிறையிலிடுவது அரசின் கடமை என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், சிறையைக் காப்போரே தவறிழைத்தால் அதைக் கண்டு கூறுவோர் யார்? அறத்தை நாடுவோர் ஆராய வேண்டிய வினா இது.

நம் பெங்களூரிலேயே இதற்குச் சான்று உண்டு. 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம், பரப்பன அக்ரகார மத்தியச் சிறையில் வி. கே. சசிகலாவுக்குத் தனிச் சமையல் வசதி அளிக்கப்படுவதாகவும், கையூட்டு கைமாறியதாகப் பேச்சு இருப்பதாகவும் சிறைத்துறை டி.ஐ.ஜி.யாயிருந்த டி. ரூபா அம்மையார் அறிக்கை அளித்தார். மேலதிகாரி அதனை மறுத்தார். சில நாட்களில் இருவருமே அப்பதவிகளிலிருந்து மாற்றப்பட்டனர். 2024 ஆகஸ்டில், கொலை வழக்கில் விசாரணைக் கைதியாக அங்கிருந்த கன்னட நடிகர் தர்ஷன், நாற்காலியில் சாய்ந்து சிகரெட்டும் கோப்பையுமாய் அமர்ந்திருக்கும் நிழற்படம் வெளியாயிற்று. அதன் பின்னரே சிறை அலுவலர் பலர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். தர்ஷன் பெல்லாரிச் சிறைக்கு மாற்றப்பட்டார்.

உண்மை வெளிவந்த வழியைக் கவனியுங்கள். ஒருமுறை ஓர் அதிகாரியின் துணிவு. மறுமுறை ஒரு நிழற்படம். இவ்விரண்டும் இல்லாத நாளில்? செல்வனுக்குச் சலுகை கிடைக்கும் அதே மறைவில்தான் ஏழைக்கு அடியும் விழக்கூடும். தில்லி திகார் சிறையில் ஒரு கைதி தலைமை வார்டரால் கொடுமைக்குள்ளானதை, சுனில் பத்ரா என்ற மற்றொரு கைதி உச்சநீதிமன்றத்துக்குக் கடிதமெழுதித் தெரிவிக்க நேர்ந்தது. அக்கடிதத்தையே மனுவாக ஏற்று, 1979 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் முதலியோர் தீர்ப்பளித்தனர்.

‘குற்றவாளிக்காக ஏன் இரங்க வேண்டும்?’ என்பர் சிலர். 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளிலிருந்த ஏறத்தாழ 5,73,000 பேரில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். தண்டனை பெற்றவனுக்கும் நீதிமன்றம் விதித்தது சிறைவாசமேயன்றி அடியன்று.

‘நல்ல அதிகாரிகளை நியமித்தால் போதாதா?’ என்பர் வேறு சிலர். ஆலையில் உழைத்த நாம் ஒன்றறிவோம். தறியில் நெய்தவனே தன் துணிக்குச் சான்று கூறுவதில்லை. வேறொருவர் அதை வெளிச்சத்தில் விரித்துக் குறை தேடுவார். அதனால் நெய்தவனுக்கு இழிவில்லை. செம்மையாய் நெய்தவனுக்கு அதுவே காப்பு. நேர்மையான சிறைக்காவலர்க்கும் அவ்வாறே.

அசோக மன்னர் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே இதை உணர்ந்தார். கலிங்கத்துத் தௌலிக் கல்வெட்டில், காரணமின்றி எவரும் சிறைப்படலாகாது என நகர அதிகாரிகளுக்குக் கூறியதோடு அவர் நிற்கவில்லை. கடுமையற்ற ஓர் அதிகாரியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்வையிட அனுப்புவதாகவும் அறிவித்தார். நல்லுரை மட்டும் போதாது. நேரில் காணும் கண்ணும் வேண்டும்.

இன்றும் அதற்கு வழியுண்டு. சிறை விதிகள் அரசு அலுவலரல்லாத பார்வையாளர்களுக்கு இடமளிக்கின்றன. அத்தகையோரை நியமிப்பது பற்றி மாநிலங்கள் ஆராயுமாறு 2015இல் டி. கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றமும் கூறிற்று. எனினும், முன்னறிவிப்புடன் வந்து கையெழுத்திட்டுச் செல்வோரால் பயனில்லை. பார்வையாளர் சிறைத்துறைக்குக் கட்டுப்படாதவராய், சொல்லாமல் வந்து, கைதியுடன் தனித்துப் பேசி, கண்டதை மக்கள் முன் வைப்பவராய் இருத்தல் வேண்டும். அவர் கூறும் குறைக்குக் குறித்த நாளுக்குள் விடையளிப்பது அதிகாரியின் கடமையாக்கப்படல் வேண்டும்.

சிறை நம் பெயரால் நடத்தப்படுவது. திறவுகோல் அரசிடம் இருப்பினும், உள்ளே நிகழும் தீவினையில் வாளாவிருக்கும் நமக்கும் பங்குண்டு. ஆகவே நம் சட்டமன்ற உறுப்பினரைக் கேட்போமாக: நம் ஊர்ச் சிறையின் பார்வையாளர் யார்? அவர் கடைசியாக உள்ளே சென்றது எந்நாள்? கண்டதென்ன?