முள்ளை யாரிடம் காட்டுவது?

 

தசலட்சண பருவத்தின் மூன்றாம் நாள் உத்தம ஆர்ஜவத்திற்கு உரியது. ஆர்ஜவம் என்பது வளைவின்மை. உள்ளத்தில் உள்ளது வாக்கிலும், வாக்கில் உள்ளது செயலிலும் நேராக வருதல். பிறரை வஞ்சியாமை என்றே இதற்கு ஆண்டுதோறும் பொருள் கூறி வருகிறோம். வாணிபத்தில் அளவு குறையாமை, பத்திரத்தில் பொய் எழுதாமை என்று எடுத்துக்காட்டும் தருகிறோம். அவை தேவையே. ஆயினும் மாயை என்னும் கஷாயம் முதலில் வஞ்சிப்பது அதனை உடையவனையே. அது பற்றியே இன்று சில சொற்கள்.

யசோதர காவியத்தை நம் இல்லங்களில் அறியாதார் இல்லை. மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே இத்தனை பிறவித் துன்பமா என்று வியந்து, கொல்லாமையின் நுட்பத்தை அதிலிருந்து எடுத்துரைப்போம். அக்கோழி ஏன் பலியிடப்பட்டது என்பதைச் சற்றே பின்சென்று பாருங்கள். உஞ்சை நகர் வேந்தன் யசோதரன், தன் தேவி யானைப்பாகனிடம் சென்றதைத் தன் கண்ணாலேயே காண்கிறான். வாளை உருவினான், வெட்டவில்லை. மறுநாள் முகம் வாடியிருக்கிறது. பெற்ற தாய் சந்திரமதி காரணம் வினவுகிறாள். அவனோ கண்டதைக் கூறாமல், தீய கனவு ஒன்று கண்டதாகக் கூறினான். தாய் கனவுக்குப் பரிகாரம் தேடினாள்; சண்டமாரிக்குப் பலி கொடு என்றாள். உயிர்ப்பலிக்கு அவன் இசையவில்லை. இறுதியில் மாக்கோழி வந்தது.

தாய் கேட்டாள், மகனும் விடை கூறினான். எனினும் அவன் நெஞ்சில் தைத்த முள் வெளியே வரவே இல்லை. கனவுக்குப் பரிகாரம் கிடைத்தது. கனவு என்று மறைக்கப்பட்ட துயரம் இருந்தவாறே இருந்தது. அன்று அவன் தாயிடம் உள்ளதை உள்ளவாறு கூறியிருந்தால் காவியம் எவ்வாறு நடந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

முள் என்றேன். நம் ஆசிரியர்கள் சல்லியம் என்று கூறுவதும் அதனையே. மாயை, மித்யாத்துவம், நிதானம் என அது மூவகைப்படும். சல்லியம் நீங்கியவனே விரதி என்று உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வரையறுக்கிறார். முள்ளை உள்ளே வைத்துக்கொண்டு மேற்கொள்ளும் உபவாசம் உடலை வாட்டும், விரதமாகாது. அதனால்தான் அகத்தவம் ஆறினுள் பிராயச்சித்தம் முதலில் நிற்கிறது. பிராயச்சித்தம் ஒன்பதினுள் ஆலோசனை முதலில் நிற்கிறது. ஆலோசனை என்பதற்கு இன்றைய வழக்கில் யோசனை கேட்பது என்று பொருள் ஆகிவிட்டது. ஆகமத்தில் அதன் பொருள், தன் உள்ளத்தை ஆசிரியர்முன் மறைவின்றி விரித்து வைத்தல்.

விரித்து வைப்பதில் மனிதன் செய்யும் கள்ளத்தைச் சிவாரியர் பகவதி ஆராதனையில் பத்துக் குற்றங்களாகப் பிரித்துக் காட்டியிருப்பது பெருவியப்புக்கு உரியது. பணிவிடை செய்து ஆசிரியரை இளகச்செய்து பின் கூறுதல் ஒன்று. நான் பலமில்லாதவன் என்று குறிப்பால் உணர்த்திச் சிறு தண்டனை பெற முயலுதல் ஒன்று. பிறர் பார்த்துவிட்ட குற்றத்தை மட்டும் கூறுதல், பெரியதைக் கூறிச் சிறியதை விடுதல், சிறியதைக் கூறிப் பெரியதை விடுதல் ஆகியன வேறு சில. எல்லோரும் பேசும் இரைச்சலில் தானும் முணுமுணுத்துச் சொல்லிவிட்டதாக எண்ணிக்கொள்ளுதல் ஒன்று. இதனைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த கணம் நாணமும் வந்தது. விருப்பமான விடை கிடைக்கும்வரை பலரிடம் மாறி மாறிக் கேட்டல், அறியாதவரிடம் கூறுதல், தன்னைப் போன்றே அக்குற்றம் உடையவரிடம் கூறி ஆறுதல் பெறுதல் ஆகியனவும் அப்பட்டியலில் உள்ளன.

இனி, இக்காலத்தார் உளச்சிகிச்சை என்று கூறுவதற்கு வருகிறேன். கோயில் முற்றத்தில் இதற்கென்ன இடம் என்று சிலர் எண்ணலாம்; பொறுத்தருள்க.

வியன்னா நகரில் 1880-82ஆம் ஆண்டுகளில் பிராயர் என்னும் மருத்துவர் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். தந்தையின் நோய்ப்படுக்கை அருகே இரவெல்லாம் விழித்திருந்தவள் அவள். கை மரத்தது, நீர் அருந்த இயலாமற் போனது, தாய்மொழி மறந்தது. ஒவ்வொரு துன்பமும் எப்போது, எதனால் தொடங்கிற்று என்று அவள் கூறக்கூற அது தணிந்தது என்று அவர் எழுதினார். இதற்குப் பேச்சு மருத்துவம் என்று பெயரிட்டவள் அந்நோயாளியே. பிராயரும் அவருடைய இளைய நண்பர் பிராய்டும் 1895இல் அதனை நூலாக்கினர். எழுதிய அளவுக்கு அவள் அப்போதே குணமடையவில்லை என்பது பின்னாளில் தெரிய வந்தது. ஆயினும் அப்பெண் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற பெயரில் ஆதரவற்ற பெண்களுக்காகப் பல ஆண்டுகள் உழைத்த சமூகத் தொண்டராக விளங்கினார் என்பதும் உண்மையே. நம் நாட்டில் கிரீந்திரசேகர போஸ் கல்கத்தாவில் 1922இல் இத்துறைக்குச் சங்கம் அமைத்தார்.

இன்று அம்முறை பலவாறு கிளைத்துவிட்டது. அமெரிக்க நாட்டுப் பெக் என்பார் 1960களில், சோர்வுற்றோரின் மனத்தில் நொடிப்பொழுதில் ஓடி மறையும் எண்ணங்களைப் பிடித்து நிறுத்தி, அவை மெய்தானா என்று அவர்களையே ஆராயச் செய்தார். ரோஜர்ஸ் என்பார் 1957இல் எழுதிய கட்டுரையில், கேட்பவரிடம் பாசாங்கின்மை, நிபந்தனையற்ற மதிப்பு, பிறர் துயரைத் தன்னதுபோல் உணர்தல் ஆகியன இருந்தாலன்றி எதிரில் இருப்பவர் மாறமாட்டார் என்று வாதிட்டார். முறை எதுவாயினும், நடப்பது பெரும்பாலும் இதுவே: வாரம் ஒருமுறை, முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம், ஒருவர் பேசுவார், பயிற்சி பெற்ற மற்றொருவர் கேட்பார். மருந்து எழுதுவதில்லை. தீர்ப்பும் வழங்குவதில்லை. சினம் எழுந்தபோது அதற்குச் சற்றுமுன் எழுந்தது அச்சமா, அவமானமா என்று கேட்பார். பேசுபவர் தம் மனத்தைத் தாமே முதன்முறையாகப் பார்ப்பார்.

இதனைத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்று வழங்குகின்றனர். ஆறு என்றால் வழி. வழிப்படுத்துதல் என்பது பொருள். சுட்டதை ஆற்றுவதும் ஆற்றுதலே. ஆலோசனை கேட்கும் ஆசாரியருக்குக் கூறப்பட்ட குணங்களில் நிர்வாபகர் என்பது ஒன்று. வெந்த உள்ளத்தைக் குளிர்விப்பவர் என்று பொருள். அபரிஸ்ராவி என்பது மற்றொன்று. காய்ந்த இரும்பு உண்ட நீர் வெளியே வராததுபோல், கேட்டதை வெளியிடாதவர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் இந்த மறைகாத்தலை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது.

இங்கே என் பிழை ஒன்றைக் கூறவேண்டும். உரியவர் இசைவு பெற்றே கூறுகிறேன். பெயரின்றி, ஊரின்றிச் சொல் என்றார்.

எனக்கு அக்காள் முறை ஆகும் அம்மையார் ஒருவர் கணவரை இழந்தார். ஓராண்டு கழித்து என்னிடம் வந்து, உறக்கம் இல்லை, உணவு செல்லவில்லை, ஜபத்தில் மனம் நிற்கவில்லை என்றார். நான் சாத்திரம் கற்றவன் அல்லவா? இஷ்ட வியோகத்தால் வரும் ஆர்த்தத் தியானம் இது என்று வகைப்படுத்தினேன். அநித்திய பாவனையை விளக்கினேன். அஷ்டமி, சதுர்த்தசிகளில் உபவாசம் இருக்கச் சொன்னேன். அவர் இருந்தார். நான் சொன்ன நாள்களோடு சொல்லாத நாள்களிலும் இருந்தார். எட்டுத் திங்களில் எலும்பும் தோலுமாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தவசீலி என்று ஊரார் கைகூப்பினர், நானும் கூப்பினேன்.

பெங்களூரில் இருக்கும் அவர் மகள் அழைத்துச் சென்று, மனநல மருத்துவரிடமும் பின்னர் ஓர் உளவியலரிடமும் காட்டினாள். வாரந்தோறும் சென்றார். பல வாரங்கள் ஒன்றும் பேசவில்லையாம். கணவரின் நற்குணங்களையே திரும்பத் திரும்பக் கூறினாராம். ஒருநாள், அறையில் மேசைமேல் இருந்த நீர்க்குவளையைச் சற்று எடுத்துவிடச் சொன்னார். ஏன் என்று அந்த உளவியலர் கேட்டார். அப்போதுதான் வந்தது. கணவர் இறந்த இரவு, நள்ளிரவில், நீர் கேட்டிருக்கிறார். இருவரும் பல்லாண்டாக இரவில் நீரும் அருந்தா நியமம் உடையவர்கள். விடியட்டும் என்று இவர் கூறியிருக்கிறார். விடியுமுன் அவர் போய்விட்டார்.

நோயுற்றவருக்கு இரவிலும் நீரும் மருந்தும் தரும் வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் முள் அவ்வளவு ஆழத்தில் இருந்தது. தன் நாவையும் வயிற்றையும் தண்டித்துக்கொண்டிருந்தவருக்கு, தண்டிக்க நான் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன். சந்திரமதி செய்ததும் இதுவே.

உங்கள்மேல் பிழையில்லை என்று அந்த உளவியலர் கூறவில்லையாம். அவ்வாறு கூறியிருந்தால் மறுநாளே போவதை நிறுத்தியிருப்பேன் என்றார் அக்காள். அந்த இரவை மெல்ல மெல்ல, மணி மணியாகச் சொல்லச் செய்தார். அப்போது நினைவுக்கு வந்தது: நான் மயங்கிக் கேட்டாலும் கொடுக்காதே என்று முன்னொருநாள் கணவரே ஆணையிட்டிருந்தார். அவர்மேல் இவருக்குக் கடுஞ்சினம் இருந்தது. இறந்தவர்மேல் சினம் கொள்வதா என்று அதனையும் புதைத்திருந்தார். அன்றுதான் அழுதேன், அதுவரை அழுதது வேறு என்றார்.

கருமத்தின் விளைவை அனுபவித்தே கழிக்கவேண்டும், மனத்துக்கு மருத்துவர் எதற்கு என்று வினவுவோர் உண்டு. கண்ணோய் வருவதும் அசாதா வேதநீயத்தின் உதயமே. அதற்காகக் கண் மருத்துவரிடம் போகாதவர் இங்கு எவரும் இலர். சோகம், பயம், அரதி, ஜுகுப்ஸை ஆகியவற்றை நோகஷாயம் என்று மோகநீயத்தின் உட்பிரிவாகவே நம் நூல்கள் வைக்கின்றன. கட்டிய கருமமும் சங்கிரமணம், அபகர்ஷணம், உபசமம் ஆகியவற்றால் மாறும், குறையும், அடங்கும் என்று கூறும் சமயம் நம்முடையது. தலைவிதி என்று கைகட்டி அமர்வது ஜின நெறியன்று. ஔஷத தானத்தை நால்வகைத் தானத்துள் ஒன்றாக வைத்தவர்கள், மனநோய் நீங்கலாக என்று எங்கும் எழுதவில்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகக் கூறுவேன். உளவியலர் குரு அல்லர். அவர் சம்யக்துவம் அளிக்கமாட்டார். அளிப்பதாகக் கூறினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆலோசனை குற்றத்தைக் களைய வந்தது. உளச்சிகிச்சை காயத்தைப் பார்க்க வந்தது. அக்காளுக்கு இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. என் காயம், என் காயம் என்று ஆயுள் முழுதும் பேசிக்கொண்டிருப்பது மானத்தை வளர்க்கும் என்பதையும் மறுக்கமாட்டேன். நல்ல உளவியலர்களும் அதனை விரும்புவதில்லை. உறக்கம் அறவே இழந்தவர்க்கும், இல்லாத குரல் கேட்பவர்க்கும், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுபவர்க்கும் பேச்சு மட்டும் போதாது. மனநல மருத்துவரும் மருந்தும் தேவை. செலவுக்கு அஞ்சுவோர் அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை நாடலாம். மைய அரசு 2022இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

ஊர் திரும்பிய அக்காள் ஜினாலயத்து முன்மண்டபத்தில் என்னருகே அமர்ந்து இவை அனைத்தையும் கூறினார். பின்பு, “தம்பி, அன்று உன்னிடம் வந்தேனே, ஏன் உறக்கமில்லை என்று நீ கேட்கவே இல்லையே” என்றார். சினமின்றித்தான் கேட்டார். எனக்கு விடை இல்லை. விரதம் கேட்டு வந்தவர் என்று நானே முடிவு செய்துகொண்டேன் என்று உள்ளதைக் கூறினேன். அவர் தலையசைத்தார்.

இப்போதும் அந்தி சாய்ந்தபின் அவர் நீர் அருந்துவதில்லை. கோடை விடுமுறைக்கு வந்த பேரன் நள்ளிரவில் எழுந்து கேட்டபோது, விளக்கேற்றி, வடிகட்டிய நீரைத் தம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்ததாக மகள் சொன்னாள்.