யாருக்காக வாழ்ந்தன?

அண்மையில் ஐரோப்பாவிலிருந்து ஊருக்கு வந்த அன்பர் ஒருவர், மெருகிட்ட கறுப்புச் சுண்ணக்கல் ஒன்றை நமக்குத் தந்து சென்றார். மொரோக்கோ நாட்டுக் கல். அதன் நடுவே கூரிய கொம்பு போல் வெண்ணிற உருவம். குறுக்கே வரிவரியாகத் தடுப்புகள். நம் மேசையில் அதைக் கண்ட முதிய கடற்றொழிலாளி ஒருவர், "கணவாயின்ரை ஓடு மாதிரிக் கிடக்கு, சுவாமி" என்றார்.

அவர் சொன்னது தவறல்ல. 'ஓர்தோசெராஸ்' குடும்பம் எனப்படும் அவ்வுயிர்கள் கணவாய்க்குத் தூரத்து உறவினம். கிரேக்க மொழியில் 'நேரான கொம்பு' என்று பொருள். வளர வளர ஓட்டின் முன்புறம் நகர்ந்து, பின்புறத்தைத் தடுப்பிட்டு மூடிக்கொள்ளும். மூடிய அறைகளில் நிரம்பிய வாயு, பாரமான ஓட்டை நீரில் தாங்கும். நம் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு மிதப்பதும் அத்தகைய நுண்ணறைகளால்தான்.

ஏறக்குறைய 48 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய அக்குடும்பம், 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்வாழ் இனங்களிற் பெரும்பாலானவை மாண்ட பேரழிவையும் தாண்டி, பின்னரே மறைந்தது. இமயமலையின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கிலும் அவற்றின் எச்சங்கள் உண்டு. நம் குடாநாட்டுச் சுண்ணக்கல்லில் அவற்றைத் தேடிப் பயனில்லை. மயோசீன் காலத்து இக்கல் அவை மறைந்து நெடுங்காலத்துக்குப் பின் உருவானது.

விபரத்தைக் கேட்ட பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "மனுசர் ஒருத்தரும் காணாமல் சீவிச்சு அழிஞ்சு போனதாலை ஆருக்கென்ன பிரயோசனம்?" என்றார்.

எளிய கேள்விதான், விடை எளிதன்று.

பிரயோசனம் இருக்கிறது என்று சொல்லித் தப்பிவிடலாம். நம் காலடிச் சுண்ணக்கல்லும் பண்டைக் கடலுயிர்களின் ஓடுகளும் எச்சங்களும் படிந்ததே. மழைநீரை அதுதான் தன் வெடிப்புகளில் தேக்கி நம் கிணறுகளுக்குத் தருகிறது. காங்கேசன்துறை ஆலை 1990இல் மூடப்படும் வரை அதிலிருந்தே சீமெந்து செய்தது. ஆனால் இது கேள்விக்குப் பதிலாகாது. நமக்குக் கிணறு வேண்டுமென்றா சிப்பிகள் வாழ்ந்தன? நமக்குப் பயன்படாதிருந்தால் அவற்றின் வாழ்வு வீணாகிவிடுமா?

ஆதியாகமத்தைச் சற்று நிதானித்து வாசிப்போம். கடலில் நீந்தும் உயிர்களை இறைவன் நல்லவையாகக் கண்டது ஐந்தாம் நாளில்; மனிதன் படைக்கப்பட்டது ஆறாம் நாளில். நம் சாட்சிக்காகவோ தேவைக்காகவோ அந்த நன்மை காத்திருக்கவில்லை. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலிலும், ஒவ்வொரு படைப்புக்கும் மனிதப் பயனுக்கு அப்பாற்பட்ட மதிப்பு உண்டென்று போதித்தார்.

அப்படியானால், இயற்கையே எத்தனையோ இனங்களை அழித்திருக்க, மனிதன் அழித்தாலென்ன என்று கேட்பாருமுண்டு. 2004இல் ஆழிப்பேரலை நம் உறவுகளைக் கொண்டு போயிற்று. அதனால் ஒருவன் கொலை செய்வது நியாயமாகிவிடுமா? அலைக்கு மனச்சாட்சி இல்லை, நமக்கு உண்டு. வேறுபாடு அங்கேதான்.

மீன் பிடித்தல் பாவமென்று சொல்ல வரவில்லை. பிள்ளையின் பசி தீர்க்கும் வலை புனிதமானது. பயன்படுத்துவது வேறு, பாழாக்குவது வேறு. இழுவைமடி கடலடியை வழித்தெடுக்கையில் நம் தொழிலாளரின் வலையும் வருவாயும் பறிபோவதை நாம் அறிவோம். 2017இல் நம் நாட்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. நம் முறைப்பாடு நியாயமானது. ஆனால், எவரும் விலை பேசாத சிற்றுயிர்கள் அங்கே நசுங்குவதை நம் நட்டக்கணக்கில் சேர்த்தோமா? அடுத்தவனின் மடியைக் குறைகூறும் நாம், நம் வலையில் விலைபோகாதவற்றை மணலிற் கொட்டிக் காயவிடுவதில்லையா?

பயனுள்ளதற்கே மதிப்பு என்று பழகிய மனம் கடலோடு நின்றுவிடாது. உழைக்க முடியாத முதியவரையும் படுக்கையிற் கிடக்கும் நோயாளியையும் அதே தராசில்தான் நிறுக்கும்.

பெரியவரிடம் நாம் சொன்னது இவ்வளவே: "படைச்சவர் கண்டார், ஐயா. அது போதாதா?" அவர் கல்லை மெல்லத் தடவி, இருந்த இடத்திலேயே வைத்தார். வலையை உதறும்போது, சந்தையில் விலையில்லாத ஒரு சிற்றுயிரை மீண்டும் நீரில் விடும் கையும் இதே பதிலைத்தான் சொல்கிறது.